மறைத்த அறிக்கையும் பங்குதாரர் உரிமையும்
கல்முனைச் சிறு பங்குதாரர்களின் நிலைப்பாடு

மருந்து, உயிர்த்தொழில்நுட்பக் கம்பனியொன்றின் மீது வழக்கு விழுந்தாலோ, கட்டுப்பாட்டு அமைப்பிடமிருந்து எச்சரிக்கை வந்தாலோ, பணிப்பாளர் சபை அறிந்ததைப் பங்குதாரரும் உடனே அறிய வேண்டும். கல்முனைக் கரையோரச் சிறு பங்குதாரர்கள் கூடி எடுத்த நிலைப்பாடு இது. மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை, வட்டிக்குப் பணம் போட மனம் வராத குடும்பங்கள் ஏராளம். இலாபத்திலும் நட்டத்திலும் சேர்ந்து நிற்பதால் பங்கு முதலீடு அவர்களுக்குப் பொருந்தி வருகிறது. நட்டத்தை ஏற்கச் சம்மதித்தவரிடம் அதன் காரணத்தை ஒளிப்பது அமானிதத்துக்குச் செய்யும் துரோகம்.

இந்திய மருந்துக் கம்பனியான ரான்பாக்ஸியின் கதை இதற்கு நேரடிச் சாட்சி. 2004இல் அந்தக் கம்பனிக்குள்ளேயே ஓர் அறிக்கை தயாரானது. பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்குக் கொடுத்த பரிசோதனைத் தரவுகளில் பொய் கலந்திருப்பதை அது பட்டியலிட்டது. பணிப்பாளர் சபையின் குழுவொன்றின் முன்னால் அது வைக்கவும்பட்டது. அதற்கான தரவுகளைத் திரட்டிய கம்பனி அதிகாரி தினேஷ் தாக்கூர் அடுத்த ஆண்டு வேலையை விட்டு விலகினார். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு விஷயத்தைத் தெரிவித்தவர் அவர்தான். சந்தையில் பங்கு வாங்கியவர்கள் யாருக்கும் அந்த அறிக்கை எட்டவில்லை.

2008 ஜூனில் ரான்பாக்ஸியின் உரிமைக் குடும்பத்தைச் சேர்ந்த மல்விந்தர் சிங், ஷிவிந்தர் சிங் சகோதரர்கள் தங்கள் குடும்பப் பங்குகளை ஜப்பானிய மருந்துக் கம்பனியான டாயிச்சி சாங்கியோவுக்கு விற்க ஒப்பந்தம் செய்தார்கள். கம்பனியின் பெரும்பான்மைப் பங்குகளைக் கைப்பற்ற ஜப்பானியர்கள் செலவிட்டது சுமார் 460 கோடி டொலர். மூன்றே மாதத்தில், செப்டெம்பரில், தேவாஸ், பவுண்டா சாகிப் ஆலைகளில் செய்த முப்பதுக்கும் மேற்பட்ட மருந்துகளை அமெரிக்கா தன் எல்லையில் தடுத்தது. 2013 மேயில் ரான்பாக்ஸியின் அமெரிக்கக் கிளை குற்றத்தை ஒப்புக்கொண்டது; கம்பனி 50 கோடி டொலர் கட்ட உடன்பட்டது.

டாயிச்சி சிங்கப்பூர் நடுவர் மன்றத்துக்குப் போனது. விற்றவர்கள் முக்கியத் தகவலை மறைத்தார்கள் என்று கண்ட மன்றம், 2016இல் 2,562 கோடி இந்திய ரூபாயும் வட்டியும் கொடுக்கும்படி தீர்த்தது. டெல்லி மேல் நீதிமன்றம் 2018இல் அதை உறுதிசெய்தது. அந்தத் தொகை தொடர்பான வழக்கில் உத்தரவை மீறிய நீதிமன்ற அவமதிப்புக்காக இந்திய உச்ச நீதிமன்றம் சகோதரர்கள் இருவருக்கும் ஆறு மாதச் சிறை விதித்தபோது 2022 செப்டெம்பர் ஆகிவிட்டது. வாங்கிய நாளிலிருந்து பதினான்கு வருடம்! அதுவும் பங்கு விற்பனை ஒப்பந்தத்தில் நடுவர் மன்றத்துக்குப் போக வழி எழுதி வைத்திருந்த, பணமும் வழக்கறிஞர்களும் உள்ள ஒரு பெரும் கம்பனிக்கு. தரகர் மூலம் நூறு பங்கு வாங்கியவரிடம் அப்படி ஓர் ஒப்பந்தம் எங்கே இருக்கிறது?

அமெரிக்க இரத்தப் பரிசோதனைக் கம்பனியான தெரானோஸிலும் இதே நோய்தான். ஹென்றி கிஸ்ஸிங்கர், ஜோர்ஜ் ஷுல்ட்ஸ் போன்ற பெரிய பெயர்கள் சபையில் இருந்தும், நிறுவுநர் எலிசபெத் ஹோம்ஸின் ஒவ்வொரு பங்குக்கும் நூறு வாக்கு இருந்ததால் பிடி அவர் கையிலேயே இருந்தது. ஆய்வுகூடத்துக்குள் நடப்பது வெளியில் தெரியாத தொழில் இது. இலங்கையிலும் 2023இல் ஆஸ்பத்திரிகளுக்குப் போன தரமற்ற இம்யூனோகுளோபியூலின் மருந்து, காகிதத்தை மட்டும் நம்புவதன் விலையைக் காட்டியது.

நமது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் நல்ல சட்டம். கம்பனியின் பெயரில் பங்குதாரரே வழக்காட 234ஆம் பிரிவு இடம் தருகிறது. நீதிமன்றம் அனுமதித்தால் நியாயமான செலவைக் கம்பனியின் மீதே சுமத்தவும் முடியும். ஆனால் ஒடுக்குமுறைக்கும் முறைகேடான நிர்வாகத்துக்கும் எதிராக 224, 225ஆம் பிரிவுகளின் கீழ் போக, பங்குதாரர் எண்ணிக்கையிலோ வாக்குரிமையிலோ ஐந்து வீதமாவது சேர வேண்டும். பட்டியலிட்ட பெரிய கம்பனியில் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எல்லாம் ஒன்றுகூடினாலும் ஐந்து வீதம் வருவது கடினம். வணிக மேல் நீதிமன்றமோ கொழும்பில். கல்முனையில் மேல் நீதிமன்றம் இருந்தும் கம்பனி வழக்குக்கு இரவு பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

ஊர்க் கூட்டு வியாபாரத்தில் பிணக்கு வந்தால் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை பேசித் தீர்க்கிறது. அந்த வழக்கம் தொடரட்டும். ஆனால் பொதுக் கம்பனியின் ஆவணங்களைக் கொண்டுவரச் செய்யும் அதிகாரம் அந்தச் சபைக்கு இல்லை; நீதிமன்றத்துக்கு உண்டு. ஆகவே வழக்குப் போடும் பங்குதாரரைக் கம்பனியின் எதிரியாகப் பார்ப்பதை இங்கு யாரும் ஏற்கக் கூடாது.

பட்டியலிட்ட கம்பனிகளுக்கு ஐந்து வீத எல்லையைக் குறைக்க வேண்டும். கம்பனி வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தைக் கல்முனை மேல் நீதிமன்றத்துக்கும் வழங்க வேண்டும். வழக்கு, எச்சரிக்கை பற்றிய அறிவித்தல்கள் தமிழிலும் வர வேண்டும். நீதி அமைச்சிடமும் பிணையங்கள், பரிவர்த்தனை ஆணைக்குழுவிடமும் முன்வைக்கப்படும் கோரிக்கைகள் இவை. பங்கு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அடுத்த வருடாந்தப் பொதுக் கூட்டத்துக்கு முன்பே, நிலுவையிலுள்ள வழக்குகள் எவை என்று கம்பனிச் செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.