ஹோம் ரன் மட்டும்தான் ஆட்டமா?

அமெரிக்காவில் இருக்கும் என் பேரன், ஹோம் ரன் அடிக்க வரவில்லை என்று பேஸ்பாலையே விட்டுவிட்டானாம். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு, ஓய்வு பெற்றபின் அந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான்.

ஹோம் ரன் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. பந்து வேலியைத் தாண்டினால் ஓட்டம் நிச்சயம். ஆனால் அதுவே எல்லாம் ஆகிவிடாது. டேவ் கிங்மேன் 442 ஹோம் ரன் அடித்தார். ஸ்ட்ரைக் அவுட் ஆனதோ 1,816 முறை. பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஜப்பானிலிருந்து வந்த ஒல்லி மனிதர் இச்சிரோ சுசுகி, அமெரிக்காவில் அடித்தது 117தான். 2004இல் எட்டே ஹோம் ரன். ஆனால் 262 ஹிட் அடித்து, 84 ஆண்டுக்கால சாதனையை முறியடித்தார். ஓடுவது, பிடிப்பது, குறி தவறாமல் எறிவது எல்லாம் கைவந்தவர். 2025இல், 394 ஓட்டில் ஒன்றே ஒன்று குறைய, மண்டபத்துக்குள் போனார்.

அலுவலகத்திலும் இதைத்தான் பார்த்தேன். எப்போதாவது ஒரு பெரிய காரியம் செய்து பெயர் வாங்கியவர் உண்டு. ஆனால் வந்த தபாலை அன்றன்றே முடித்தவர்களால்தான் செக்‌ஷன் ஓடியது.

பேரனுக்குக் கால் வேகம் நன்றாக உண்டு. ஞாயிற்றுக்கிழமை போனில் இச்சிரோ கதையைச் சொல்லப் போகிறேன்.