இன்ஷூரன்ஸ் எடுத்த விவசாயி ஏன் அதிகம் செலவு செய்கிறார்?

மாசம் பிறந்ததும் பிரீமியம் பணம் அக்கவுன்ட்டில் இருந்து கழியும். ‘ஒண்ணும் ஆகலைன்னா இந்தக் காசு வீண்தானே?’ என்று உங்களுக்கும் தோன்றியிருக்கும். ஆனால், வளரும் நாடுகளின் பொருளாதார வளர்ச்சிக்குக் காப்பீட்டுச் சந்தை அவசியம் என்று ஐ.நா.வின் வர்த்தக, வளர்ச்சி மாநாடு 1964-லேயே சொல்லிவிட்டது.

எப்படி? பிரீமியம் எல்லாம் சேர்ந்து பெரிய நிதியாகி, அரசுக் கடன் பத்திரங்களில் நீண்டகால முதலீடாகப் போகிறது என்பார்கள். எல்ஐசி அதைத்தான் செய்கிறது. சரி, ஆனால் அது பாதிக் கதை.

மீதிக் கதை வடக்கு கானாவில் இருக்கிறது. டீன் கார்லன், கிறிஸ்டோபர் உட்ரி உள்ளிட்ட பொருளாதார நிபுணர்கள் அங்குள்ள மக்காச்சோள விவசாயிகளில் சிலருக்கு ரொக்கம் கொடுத்தார்கள், சிலருக்கு மழைக் காப்பீடு கொடுத்தார்கள். 2014-ல் வெளியான முடிவு சுவாரஸ்யமானது. ரொக்கம் வாங்கியவர்களைவிட, காப்பீடு கிடைத்தவர்கள்தான் நிலத்தில் கூடுதலாகச் செலவு செய்தார்கள். கையில் காசு கொடுக்காமலேயே எங்கிருந்தோ புரட்டிவிட்டார்கள்! அதாவது, பணத்தட்டுப்பாட்டைவிட ‘மழை பொய்த்தால் என்ன செய்வது’ என்ற பயம்தான் அவர்களைப் பிடித்து வைத்திருந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. தனக்கோ, தெரிந்தவருக்கோ இழப்பீடு வந்து சேர்ந்ததைப் பார்த்தவர்கள்தான் அடுத்த வருஷமும் காப்பீடு கேட்டார்கள்.

நம் கதைக்கு வருவோம். 2023-24-ல் இந்தியாவில் கட்டப்பட்ட மொத்த பிரீமியம் ஜிடிபியில் 3.7%. உலக சராசரி 7%. தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18% ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் பூஜ்யமாகிவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால், விலை மட்டுமா பிரச்சினை? பாலிசி விற்கும்வரை தினமும் போன் வரும். கிளெய்ம் கேட்டால்தான் நிபந்தனையே கண்ணில் படும். பக்கத்து வீட்டுக்காரரின் ஒரு கிளெய்ம் இழுத்தடிக்கப்பட்டால், அந்தத் தெருவே பாலிசி எடுக்க யோசிக்கும். வரிச் சலுகையால் அதைச் சரிசெய்ய முடியாது. எத்தனை பாலிசி விற்றது என்பதைவிட, எத்தனை கிளெய்ம் எத்தனை நாளில் தீர்ந்தது என்பதைத்தான் ஒழுங்குமுறை ஆணையம் ஒவ்வொரு விளம்பரத்திலும் போட வைக்க வேண்டும் என்பேன்.

கானா விவசாயியின் பயம் ஐடி கம்பெனியிலும் உண்டு. சொந்தமாகத் தொழில் தொடங்க ஆசை. ஆனால், அப்பா அம்மாவின் மருத்துவக் காப்பீடு ஆபீஸ் பாலிசியில் இருக்கிறது. ராஜினாமா செய்தால் அதுவும் போய்விடும். வெளியே தனியாக எடுக்கலாம் என்றால், அப்பாவுக்கு வயசு 64, சுகர் வேறு. கடிதம் டிராஃப்டிலேயே கிடக்கிறது.