கத்தியைப் பிள்ளையின் கையில் கொடுங்கள்

உம்மாமாரே, வாப்பாமாரே, இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

ஏழு வயது மகன் குசினிக்குள் வந்து கத்தியைத் தொட்டால் "வை அங்க, கைய வெட்டிப் போடுவாய்" என்று பறித்துவிடுகிறோம். அவனுடைய கொம்பாஸ் பெட்டியில் பென்சில் சீவ அரைத்துண்டு பிளேட் கிடக்கிறது. பிடியே இல்லாத அந்தத் தகட்டைப் பற்றி ஏன் ஒருவரும் கேட்பதில்லை?

மகளுக்கோ வேறு நீதி. பத்து வயதானதும் "வெங்காயத்த வெட்டு மகள்" என்று கறிக்கத்தியைக் கொடுக்கிறோம். அதை எப்படிப் பிடிப்பது என்று யார் சொல்லிக் கொடுத்தது? மகன் ஒலுவில் கம்பஸுக்கோ கட்டாருக்கோ போன பிறகுதான் முதல் வெங்காயத்தை வெட்டுகிறான். இரண்டு பிள்ளைக்கும் அநியாயம் செய்கிறோம்.

அக்கரைப்பற்றில் பிள்ளையை மூன்று வயதிலேயே மொண்டிசோரிக்கு அனுப்புகிறோம். மரியா மொண்டிசோரி 1939 இல் இந்தியாவுக்கு வந்து அடையாறில் ஆசிரியர்களைப் பயிற்றினார். 1944 இல் இலங்கைக்கும் வந்தார். அவருடைய முறையில் சின்னப் பிள்ளைகள் வாழைப்பழம் வெட்டி மற்றவர்களுக்குப் பரிமாறுவதும் பாடம்தான். நாம் எழுத்து வந்துவிட்டதா என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புகிறோம்.

ஜப்பானில் 1960 இல் பதினேழு வயதுப் பையன் ஓர் அரசியல் தலைவரைக் குத்திக் கொன்றான். அதன் பிறகு பிள்ளைகளிடமிருந்து கத்தியை அகற்றும் இயக்கமே நடந்தது. அதே நாட்டில், நாகானோவின் ஓர் ஆரம்பப் பாடசாலை 1983 முதல் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மடக்குக் கத்தி கொடுத்துப் பென்சில் சீவப் பழக்குகிறது.

மொட்டைக் கத்திதான் பத்திரம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். இறங்காத கத்தியைப் பிள்ளை பலம் போட்டு அமுக்கும். அது வழுக்கி விரலில் ஏறும். அறுக்கும் கத்தியைக் கூராக்கிக்கொள்ளச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் சொல்லை உழ்ஹிய்யா காலத்தில் குத்பாவில் கேட்கிறோம். மிருகத்துக்குக் காட்டச் சொன்ன அந்தக் கவனம் நம் பிள்ளையின் விரலுக்கு வேண்டாமா?

கடைக்குப் பிள்ளையைக் கூட்டிப் போய், கத்தியை அதன் கையில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். மூன்று, நாலு அங்குல அலகு, வட்ட நுனி, உள்ளங்கைக்குள் அடங்கும் பிடி. வாழைப்பழத்தில் தொடங்கி வெள்ளரிக்கும் வெண்டிக்காய்க்கும் போகலாம். பூசணிக்கு இன்னும் வருடங்கள் இருக்கின்றன. பலகை நகராமலிருக்க அடியில் ஈரத்துணி போடுங்கள். காயைப் பிடிக்கும் கையின் விரல் நுனிகள் உள்ளே மடங்கியிருக்க வேண்டும். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். கத்தி விழுந்தால் பிடிக்கப் போகாமல் காலை விலக்கட்டும். கத்தியோடு நடந்து திரியக் கூடாது. நீங்கள் போனை வைத்துவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள்.

என்றோ ஒருநாள் விரலில் படத்தான் செய்யும். ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அமர்த்திப் பிடியுங்கள், கோப்பித்தூளை அப்பாதீர்கள். ஆழமான வெட்டென்றால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஏற்பு ஊசியையும் கேளுங்கள். அதற்காகக் கத்தியை அலுமாரிக்கு மேலே ஒளித்து வைக்காதீர்கள். காயம் ஆறியதும் எப்படி வெட்டுப்பட்டது என்று பிள்ளையையே சொல்ல வைத்து, கத்தியைத் திரும்பக் கொடுங்கள்.