வானுக்கு வாடகையா?

காற்றலைகள் பொதுமக்களின் சொத்து! இது மேடையில் எழும் முழக்கம் மட்டுமன்று. 1995ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் எழுதி வைத்த தீர்ப்பு. பொதுமக்களின் சொத்து என்றால், ஓலைக் குடிசையில் வாழ்பவனுக்கும் அதிலே பங்குண்டு என்றுதானே பொருள்? அந்தப் பங்கைத் தன் வீட்டுக்குள் கொண்டுவர அவன் எவ்வளவு பணம் கொடுக்க வேண்டும்? எத்தனை முறை கொடுக்க வேண்டும்? முதற் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவது கேள்வியைக் கேட்பார் இல்லை. கேளாமற் கெட்ட குடும்பங்களோ ஏராளம்!

பெட்டி மலிவு, பொருத்தும் கூலி இல்லை, முதல் மாதம் கட்டணம் இல்லை என்று கடைவீதியிலே தட்டி எழுதி வைத்து அழைக்கிறார்கள். வலை விரிப்பவன் தானியம் தூவாமலா விரிப்பான்? தூவிய தானியத்தைக் கண்டு மகிழ்வதா, விரித்த வலையின் அளவைப் பார்ப்பதா?

கணக்கிட்டுப் பார்ப்போம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, இணைப்புக்கான அடிப்படைக் கட்டணத்தின் உச்சவரம்பு மாதம் 130 ரூபாய். 18 விழுக்காடு வரியையும் சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. ஓராண்டுக்கு 1,840 ரூபாய் 80 காசு. ஐந்தாண்டுக்கு 9,204 ரூபாய்! வாசற்படியை மிதிப்பதற்கு மட்டுமே இந்தத் தொகை. கட்டண அலைவரிசைகளின் விலை அதற்கு மேல். 2024இல் அந்த உச்சவரம்பையும் ஒழுங்குமுறை ஆணையம் அகற்றிவிட்டது. இத்தனையும் கொடுத்து வாங்கிய பெட்டி, வேறொரு நிறுவனத்துக்கு மாறினால் உதவாது. எந்தப் பெட்டியும் எந்த நிறுவனத்துக்கும் பொருந்த வேண்டும் என்று 2020இல் அதே ஆணையம் பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டிலே, பாரம் ஏழையின் தோளிலே!

ஏழைக்கு வானம் எட்டாது என்பது இயற்கை வகுத்த விதியோ? இல்லை, தோழர்களே! இந்திய நாட்டிலே செயற்கைக்கோள் வழியே படம் முதன்முதல் இறங்கியது மாளிகைகளில் அன்று, சிற்றூர்களில். 1975 ஆகஸ்டு தொடங்கி ஓராண்டுக் காலம், ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களிலே, கம்பிவலை போர்த்திய எளிய டிஷ்களை நிறுத்தி, ஊர் கூடிப் பார்க்க வழி செய்தனர் நம் விண்வெளி ஆய்வாளர்கள். ஏழையை எண்ணித் தொடங்கிய அந்தப் பணியின் வழித்தோன்றலாக, 2004 டிசம்பரிலே மாதக் கட்டணம் இல்லாத அரசு ஒளிபரப்பு பிறந்தது. இன்று அதன் பெயர் டி.டி. ஃப்ரீ டிஷ்.

பெட்டி, டிஷ், கம்பி எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய். ஒரே ஒரு முறை. பிறகு மாதம் பிறந்தால் மடியைத் தடவ வேண்டியதில்லை. கூலி கிடைக்காத மாதத்திலும் திரை இருளாது. ஆகவே, கையிருப்புக் குறைந்த குடும்பம் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எண்ணிப் பார்த்து வாங்கச் செல்வோர் நான்கு செய்திகளை மனத்திற் கொள்ள வேண்டும். ஒன்று: எம்பெக்-4 வகைப் பெட்டியையே கேட்க வேண்டும். பழைய எம்பெக்-2 பெட்டியில் எல்லா அலைவரிசைகளும் வாரா. இரண்டு: 2006க்குப் பின் தமிழக அரசு வழங்கிய வண்ணத் தொலைக்காட்சி இன்னும் ஓடுகிற வீடானால், புதுவகை எச்.டி.எம்.ஐ. துளை மட்டுமன்றி, மூன்று வண்ணக் கம்பிகள் செருகும் துளையும் பெட்டியில் இருக்க வேண்டும். மூன்று: ஜிசாட்-15 செயற்கைக்கோள் நமக்குத் தென்கிழக்கே, உயரத்தில் நிற்கிறது. அத்திசையைத் தென்னையோ மாடியோ மறைத்தால், விலை உயர்ந்த பெட்டியும் வெறும் பெட்டியே. நான்கு: ரசீதும் உத்தரவாதச் சீட்டும் இல்லாமல் பணத்தை நீட்டக் கூடாது.

"எல்லாம் சரி, ஆனால் அதிலே தமிழ் எங்கே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி! பொதிகை என்று நாம் அறிந்த டி.டி. தமிழ் உண்டு, பாட ஒளிபரப்புகள் உண்டு. ஆனால், மாலை நேரத்தில் நம் வீடுகளில் விரும்பிப் பார்க்கும் தமிழ் அலைவரிசைகளிற் பெரும்பாலானவை அங்கே இல்லை. இந்தி அலைவரிசைகளோ வரிசை வரிசையாக நிற்கின்றன. பொதுச் சொத்திலே ஒரு மொழிக்குப் பந்தி, மற்றொரு மொழிக்குப் பந்திக்கு வெளியே காத்திருப்பா? இந்தி பேசும் ஏழைக்கு இலவசமாகக் கிடைப்பதைத் தமிழ் பேசும் ஏழை மாத வாடகை கொடுத்துப் பெறுவதா? இதுவே நாம் எழுப்ப வேண்டிய வினா.

கேட்டால் கிடைக்குமா என்று ஐயுற வேண்டாம். 2019 மார்ச்சிலே நான்கு பெரிய நிறுவனங்கள் தங்கள் இந்தி அலைவரிசைகளை ஃப்ரீ டிஷ்ஷிலிருந்து விலக்கிக்கொண்டன. 2020இல் அவையே திரும்பி வந்து இடம் கேட்டன! ஏன்? பணமில்லாத பார்வையாளனை விளம்பரக்காரன் இழக்க விரும்பவில்லை. தனித்தனியே நோக்கினால் நாம் ஏழைகள். தொகுத்து நோக்கினால் நாமே சந்தை! அந்தத் தொகையின் வலிமையை உணர்ந்தோர் அவர்கள், உணராதோர் நாம்.

ஆகவே தோழர்களே, கிளைதோறும் இரண்டு பணிகள் காத்திருக்கின்றன. பெட்டி வாங்கப் புறப்படும் குடும்பத்தோடு அமர்ந்து, இன்றைய விலையை அல்ல, ஐந்தாண்டுச் செலவைக் கணக்கிட்டுக் காட்டுங்கள். தமிழ்த் தொடர் இல்லாமல் இயலாது என்போர் கட்டண இணைப்பே பெறட்டும். ஆனால், வேண்டும் அலைவரிசையைத் தனித்தனியே தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டென்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அடுத்து, ஃப்ரீ டிஷ்ஷில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றி, நாடாளுமன்ற உறுப்பினரிடமும் பிரசார் பாரதியிடமும் சேர்ப்பியுங்கள்.

வானம் பொது என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ஏழையின் கூரைமேல் அது இறங்கட்டும். அவன் தாய்மொழியில் பேசட்டும்!