பாத்திரத்தில் பேர் வெட்ட ஒரு கறுப்புப் பூச்சு

வத்திராயிருப்பு பக்கத்து மகாராஜபுரத்தில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால், பாத்திரம் எடுக்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ராஜபாளையத்துக்கோ பஸ் ஏறுவார்கள். குடம், அண்டா, தூக்குவாளி, சம்படம் எல்லாம் எடுத்து முடித்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கும். பேர் வெட்ட வேண்டும்! கடை ஓரமாக உட்கார்ந்திருப்பவர் சின்ன உளியும் சுத்தியலும் வைத்துப் புள்ளி புள்ளியாகத் தட்டுவார். இல்லையென்றால் கரண்டில் ஓடும் பேனா மாதிரியான மெஷினால் 'கிர்ர்ர்' என்று கிறுக்கித் தருவார். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. அதனாலேயே பாதிப் பேர் இனிஷியலாகச் சுருங்கிவிடும்.

இப்போது இந்த இடத்துக்கு லேசர் வந்துகொண்டிருக்கிறது. கூடவே ஒரு கறுப்புப் பூச்சும் வருகிறது. 'மார்க்கிங் காம்பவுண்டு' என்று சொல்கிறார்கள். அந்தப் பூச்சைக் கடையிலேயே கலக்கலாமா, கூடாதா என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதலில் பூச்சு எதற்கு? லேசர் என்றாலே இரும்பையும் ஓட்டை போடும் என்றுதானே சினிமா பார்த்து நினைத்திருக்கிறோம்? அட்டை, மரம், அக்ரிலிக் வெட்டுவதற்காகச் சின்னக் கடைகள் வாங்கும் மெஷின் பெரும்பாலும் சிஓ2 லேசர். கார்பன் டை ஆக்சைடு வாயுவிலிருந்து வரும் அந்த ஒளியின் அலைநீளம் 10.6 மைக்ரான். பளபளக்கும் எவர்சில்வர் அந்த ஒளியில் பெரும்பகுதியைக் கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்பிவிடும். தட்டை வைத்து ஓட்டினால் தட்டு அப்படியே இருக்கும்.

இங்கேதான் பூச்சு உதவுகிறது. உலோக ஆக்சைடு, கண்ணாடித்தூள் மாதிரி பொருள்களைத் திரவத்தில் கலந்து தட்டின் மேல் மெல்லிசாகப் பூசுவார்கள். எவர்சில்வருக்கு வருகிற பூச்சுகளில் முக்கியமான சரக்கு மாலிப்டினம் என்ற உலோகத்தின் ஆக்சைடு. காய்ந்ததும் லேசரை ஓட்டினால், ஒளி பட்ட இடத்தில் மட்டும் பூச்சு சூடேறித் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். மீதியைத் தண்ணீரில் கழுவினால் போய்விடும். பேர் மட்டும் கறுப்பாக நிற்கும். உண்மையில் இது வெட்டுவதே இல்லை, ஒட்டுவது! உளி தட்டில் பள்ளம் போடுகிறது. பூச்சு தட்டின் மேல் ஒரு படலமாக உட்காருகிறது.

வேலை கேட்க லேசாகத் தெரியும். ஆனால் கை பழக வேண்டும். தட்டில் எண்ணெய்ப் பிசுக்கு, விரல் ரேகை எதுவும் இல்லாமல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். பூச்சின் கனமான தூள் பாட்டில் அடியில் தங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு தடவையும் நன்றாகக் குலுக்க வேண்டும். பசை மாதிரி கெட்டியாக வருவதை லேபிளில் சொன்ன அளவுக்கு ஆல்கஹால் விட்டு இளக்கி, தூரிகையாலோ ஸ்பிரே கன்னாலோ ஒரே சீராகப் பூச வேண்டும். தடிமனாகிவிட்டால் சூடு அடிவரை போகாது. மேலே கறுப்பாகத் தெரியும், தேய்த்தால் உரிந்து வந்துவிடும். ரொம்ப மெல்லிசானால் எழுத்து திட்டுத்திட்டாக வரும். பித்தளைக் குத்துவிளக்கு என்றால் இன்னும் கஷ்டம். பித்தளை சூட்டை வேகமாகக் கடத்திவிடுவதால் லேசரை மெதுவாகவும் பலமாகவும் ஓட்ட வேண்டும்.

சரி, பிரச்சினைக்கு வருவோம். செர்மார்க் மாதிரி பெயர் பெற்ற பூச்சுகள் வெளிநாட்டுச் சரக்கு, விலை கூடுதல். அதனால் ஆளாளுக்குச் சொந்தக் கலவைக்குப் போகிறார்கள். மெஷின்களில் மசகுக்காக அடிக்கும் மாலிப்டினம் டைசல்பைடு ஸ்பிரேயைத் தட்டில் அடிப்பது ஒரு வழி. அதே சரக்கைத் தூளாக வாங்கி ஆல்கஹாலில் கரைப்பது இன்னொரு வழி. வெளிநாட்டில் பொழுதுபோக்காகச் செய்பவர்கள் பாட்டிலில் விற்கும் கடுகு விழுதைக்கூடப் பூசிப் பார்த்திருக்கிறார்கள். அதிலும் எழுத்து விழத்தான் செய்கிறது!

சொந்தக் கலவை என்பதாலேயே அது தப்பு என்று சொல்ல முடியாது. சாவிக்கொத்து, ஷீல்டு, பெயர்ப்பலகை, மெஷினில் ஒட்டும் நம்பர் தகடு... இவற்றுக்கெல்லாம் எவனும் வாய் வைக்கப் போவதில்லை. எழுத்து நின்றால் போதும். ஆனால் சாப்பாட்டுப் பாத்திரம் வேறு கணக்கு. அங்கே மூன்று பேருடைய நலன் இருக்கிறது.

முதல் ஆள் மெஷின் ஓட்டும் பையன். மாலிப்டினம் டைசல்பைடைக் காற்றில் நன்றாகச் சூடாக்கினால் மாலிப்டினம் டிரையாக்சைடாக மாறும், கந்தக டை ஆக்சைடு வாயுவும் கிளம்பும். பட்டாசுப் புகையில் மூக்கை எரிக்குமே, அதே வாயுதான். மாலிப்டினம் டிரையாக்சைடைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018-ல் வெளியிட்ட தொகுப்பில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம் என்ற 2பி பிரிவில் சேர்த்திருக்கிறது. ஒரு தடவை பார்த்தவருக்கு ஒன்றும் ஆகிவிடாது. தினமும் எட்டு மணி நேரம் புகைபோக்கி இல்லாத அறையில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் இந்தக் கவலை. தூளைக் கலக்கும்போது முகக்கவசம், லேசர் ஓடும்போது புகையை வெளியே தள்ளும் விசிறி, இரண்டும் இல்லாமல் இந்தத் தொழிலைத் தொடங்கவே கூடாது.

கலக்குகிற ஆல்கஹாலிலும் விஷயம் இருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதென்று எந்தத் தின்னரையும் ஸ்பிரிட்டையும் ஊற்றக் கூடாது. மெத்தனால் எவ்வளவு கொடியது என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி காட்டியது. 60-க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அங்கே குடித்தார்கள். ஆனால் மெத்தனால் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும்கூட உடம்புக்குள் போகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இந்த வேலைக்குப் பரவாயில்லை. கொரோனா காலத்து சானிடைசர் மிச்சம் இருக்கிறதே என்று அதை ஊற்றினால் வேலை கெடும். அதில் தண்ணீரும் கிளிசரினும் சேர்ந்திருக்கும். எந்த ஆல்கஹாலாக இருந்தாலும் தீப்பிடிக்கும். பூச்சு முழுக்கக் காயாமல் லேசரை ஓட்டக் கூடாது.

இரண்டாவது ஆள் பாத்திரத்தை வாங்கிப் புழங்குகிறவர். எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரை வேண்டும் என்று மத்திய அரசு 2024 மார்ச்சில் ஆணை வெளியிட்டது. ஐஎஸ் 14756 என்ற தரநிலைப்படி உலோகம், வடிவம், பூச்சுவேலை எல்லாம் பார்க்கப்படும். ஆனால் அந்தச் சோதனை பாத்திரம் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும் வரைக்கும்தான். அதற்குப் பிறகு கடைக்காரர் அதன் மேல் எதைப் பூசிச் சுடுகிறார் என்று யார் பார்ப்பது? பெயர் பெற்ற பூச்சுக்குப் பாதுகாப்புத் தகவல் தாள் என்று ஒன்று இருக்கும். என்ன சரக்கு, என்ன ஆபத்து, எப்படிப் புழங்க வேண்டும் என்று அதில் போட்டிருக்கும். பக்கெட்டில் கலக்கியதற்கு அப்படி ஒரு தாளும் கிடையாது. அதற்காக அந்தக் கலவை விஷம் என்று சொல்லவில்லை. விஷமில்லை என்று சொல்லவும் யாரிடமும் ஆதாரம் இல்லை என்பதுதான் சிக்கல்.

மூன்றாவது ஆள் கல்யாணப் பெண். வீட்டில் பாத்திரத்தில் பேர் வெட்டுவது அழகுக்கு இல்லை. பந்திக்கு இரவல் போன அண்டா திரும்பி வர அந்தப் பேர் வேண்டும். பெண்ணுக்குக் கொடுத்த சீர் பெண்ணுடையதுதான் என்று காட்டவும் அந்தப் பேர் வேண்டும். சீதனமாக வந்த பொருள் மனைவிக்கே சொந்தம், புகுந்த வீட்டில் வைத்திருந்தாலும் அவளுடைய உரிமை போகாது என்று பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985-ல் தீர்ப்புச் சொன்னது. நகைக்கு ரசீது இருக்கும். பித்தளை அண்டாவுக்கும் எவர்சில்வர் குடத்துக்கும் பல வீடுகளில் இருக்கிற ஒரே சாட்சி அதில் வெட்டியிருக்கும் பேர்தான். இருபது வருஷம் புளி போட்டுத் தேய்த்தாலும் உளி எழுத்து தெரியும். சரியாகச் சுடாத பூச்சு இரண்டு வருஷத்தில் கம்பி நாரோடு போய்விட்டால்?

இதற்குக் கணக்கும் பார்த்துவிடலாம். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: கல்யாணத்துக்கு 200 தட்டு, ஒன்று 80 ரூபாய். சொந்தக் கலவையால் தட்டுக்கு 4 ரூபாய் மிச்சம் என்றால் மொத்தம் 800 ரூபாய் லாபம். அதில் 10 தட்டில் எழுத்து உரிந்து மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தால் 800 ரூபாய் நஷ்டம். அதாவது நூற்றுக்கு ஐந்து தட்டு கெட்டாலே மிச்சம் பிடித்தது முழுவதும் போய்விடும். அடக்கவிலைக் கணக்கில் சேதாரத்தைச் சேர்க்காதவர்களுக்குத்தான் சொந்தக் கலவை மலிவாகத் தெரியும்.

அப்படியானால் என்னதான் செய்வது?

சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு உளியோ மெஷின் பேனாவோ இன்றைக்கும் நல்ல வழி. அதில் எந்த மருந்தும் கிடையாது. எவர்சில்வரில் இருக்கும் குரோமியம் காற்று பட்டதும் கீறல் மேல் மறுபடியும் காப்புப் படலத்தைப் போட்டுக்கொள்ளும். லேசர்தான் வேண்டும் என்றால் ஃபைபர் லேசர் இருக்கிறது. அதன் அலைநீளம் சுமார் 1.06 மைக்ரான், உலோகம் அதை ஏற்றுக்கொள்ளும், பூச்சே தேவையில்லை. மெஷின் விலைதான் பொதுவாகக் கூடுதல். அதிலும் அளவுக்கு மீறிச் சுட்டால் எழுத்து விழுந்த இடத்தில் துரு பிடிக்கலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிஓ2 லேசரும் பூச்சும்தான் கையில் இருக்கிறது என்றால், தகவல் தாள் உள்ள பூச்சாக வாங்கிப் பாத்திரத்தின் வெளிப்பக்கம் மட்டும் போட வேண்டும். உள்பக்கமும், வாய் வைக்கும் விளிம்பும் கூடவே கூடாது. முதலில் ஒரு பழைய தட்டில் போட்டு, புளித்தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, காலையில் கம்பி நாரால் அழுத்தித் தேய்த்துப் பார்க்க வேண்டும். நின்றால் கல்யாணத் தட்டில் கை வைக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேல், என்ன பூசினோம் என்பதைப் பில்லில் எழுதிக் கொடுக்க வேண்டும். வாங்கும் பொருளின் தரத்தைத் தெரிந்துகொள்வது நுகர்வோரின் உரிமை என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. நம் நாட்டுக்கு இது புதுசும் இல்லை. பாண்டியர், சோழர் காலத்துச் செப்பேடுகள் பலவற்றில் தானம் கொடுத்த ராஜா பேரோடு, கடைசியில் எழுத்தை வெட்டிய ஆளின் பேரும் இருக்கும். யார் வேலை என்று தெரியாமல் அந்தத் தகடு போகவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் உளி பிடித்தவர் தன் வேலைக்குப் பொறுப்பேற்றுப் பேர் போட்டார். இன்றைக்குக் கலவை கலக்குகிறவர் ஒரு பில்லில் ஒரு வரி எழுத யோசிக்கலாமா?

அடுத்த முகூர்த்தத்துக்குப் பாத்திரம் எடுக்கப் போகிறவர்கள் பேரையும் இனிஷியலையும் சரியாக எழுதிக் கொடுப்பதோடு இதையும் ஒரு வார்த்தை கேளுங்கள்: "அண்ணாச்சி, இதுல என்ன பூசுறீங்க?"