டிக்கி பூட்டுப்பட்டால் போதுமா?

 

ஓகஸ்ட் விடுமுறை வரப்போகிறது. மடுவுக்குப் போகிறவர்கள், நுவரெலியாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள், எங்கள் ஆட்களில் புத்தளத்துக்குச் சொந்தங்களைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் வெளிக்கிடும் காலம். மயிலிட்டி, காங்கேசன்துறை ஒழுங்கைகளில் வழமையான காட்சியைப் பார்க்கலாம்: பின்பக்கம் தாழ்ந்து, முன் லைட் மரத்தின் உச்சிக்கு வெளிச்சம் அடிக்க ஊர்ந்து போகும் சின்னக் கார். கேட்டால் ஒரே பதில்: "டிக்கி பூட்டுப்படுகுதுதானே, பிறகென்ன?"

இந்த ஒரு வசனத்துக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன்.

டிக்கி பூட்டுப்படுவது இடத்தின் கணக்கு. கார் தாங்குவது எடையின் கணக்கு. ஆல்ட்டோ 800இன் டிக்கி 177 லீற்றர்தான். கைக்கு அடங்கிய இடம். ஆனால் அதற்குள் அரிசியை மட்டும் நிரப்பினால் ஏறத்தாழ 140 கிலோ வரும். பூட்டுப்படும், சத்தமும் வராது. அதாவது இரண்டு பெரிய ஆட்களைப் பின்னச்சுக்கும் பின்னால் தொங்கவிட்ட மாதிரி.

எங்கள் பக்கம் அதிகம் ஓடும் ஜப்பான் வாகன் ஆரை எடுப்போம். ஜப்பானில் 'கேய்' எனப்படும் சின்ன வாகன வகுப்பைச் சேர்ந்தது அது. எஞ்சின் 660 சீசீக்கு மேல் கூடாது, நீளம் 3.4 மீற்றருக்கு மேல் கூடாது, ஆட்கள் நாலு பேருக்கு மேல் கூடாது. அந்த நாட்டுப் பதிவில் ஒரு ஆளுக்கு 55 கிலோ என்று வைத்துத்தான் மொத்த எடையைக் கணக்கிடுகிறார்கள். காரின் எடை 790 கிலோ என்றால், நாலு பேருக்கு 220 கிலோ சேர்த்து மொத்தம் 1010 கிலோ. அவ்வளவுதான். சாமானுக்கென்று தனியாக ஒரு கிலோகூட அந்தக் கணக்கில் இல்லை.

இனி எங்கள் வீட்டுக் கணக்கு. தகப்பன் 78, தாய் 68, அம்மம்மா 60, பதினாலு வயசுப் பிள்ளை 48, பத்து வயசுப் பிள்ளை 30. கூட்டினால் 284 கிலோ. ஒரு பையும் ஏற்ற முதலே 64 கிலோ கூட. பிறகு அரிசி 25, உரித்த தேங்காய் ஐம்பது என்றால் 30, கருவாடு 10, உடுப்புப் பை நாலும் 48, தண்ணீர் 10. சாமான் 123. எல்லாம் சேர்த்து 407 கிலோ. பதிவில் இருப்பது 220.

"221 ஆவது கிலோவில் கார் முறிஞ்சு விழுமோ?" என்று கேட்பீர்கள். விழாது. செய்தவன் ஸ்பிறிங்கிலும் பிறேக்கிலும் கொஞ்சம் மேலதிகமாக விட்டுத்தான் செய்திருப்பான். ஆனால் அந்த மிச்சம், மாடு குறுக்கே வரும்போதும் மழையில் ரயர் வழுக்கும்போதும் உயிரைக் காப்பாற்ற வைத்தது. அதைத் தேங்காய்க்கும் அரிசிக்கும் செலவழித்துவிட்டு வெளிக்கிட்டால், றோட்டில் தேவைப்படும் நேரம் கையிருப்பு இருக்காது.

இன்னொரு வாதம் ரயரை வைத்து வரும். "ரயரிலயே 75 எண்டு போட்டிருக்கு, ஒரு ரயர் 387 கிலோ தாங்கும், நாலும் சேர்ந்தா 1500க்கு மேல!" எண் சரி. ஆனால் அது உரிய காற்றழுத்தம் இருக்கும்போது ரயர் தாங்கும் எல்லை மட்டும். பிறேக்குக்கும் ஸ்பிறிங்குக்கும் அந்த எண்ணோடு சம்பந்தமில்லை. அதோடு பாரம் நாலு ரயருக்கும் சமமாகப் பிரிவதில்லை. டிக்கிச் சாமான் முழுக்கப் பின் இரண்டிலும்தான் இறங்கும். காற்றுக் குறைந்த ரயர் பாரத்தோடு நீண்ட தூரம் ஓடினால் சூடேறி வெடிக்கும்.

பிறேக்கைப் பாருங்கள். 1010 கிலோவுக்குப் பதில் 1197 கிலோ என்றால், அதே வேகத்தில் நிறுத்துவதற்குப் பிறேக் ஏறத்தாழ 18 வீதம் கூடுதல் சூட்டைத் தாங்க வேண்டும். தட்டையான ஏ9 வீதியில் இது தெரியாமல் போகலாம். றம்பொடை இறக்கத்தில் தெரியும். வன்னித் தட்டையில் ஓடிப் பழகிய எங்களுக்கு மலை இறக்கத்தில் சின்ன கியரில் இறங்கும் பழக்கமும் குறைவு.

எனக்கு உண்மையில் கோபம் வருவது பிள்ளைகளை இருத்தும் விதத்தில்தான். பின் ஆசனத்தில் பாதியை மடித்து மூட்டையை அடுக்கி, மிச்சப் பாதியில் இரண்டு பிள்ளைகள். சில வீடுகளில் சாமானுக்கு ஆசனம், பிள்ளைக்கு டிக்கி. 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார் மோதி ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்குக்குள் நின்றால், கட்டாமல் வைத்த 25 கிலோ மூட்டை ஏறத்தாழ 350 கிலோ விசையோடு முன்னுக்கு வரும். அதற்கு முன்னால் இருப்பது யார்? ஓ.எல். வகுப்பில் நியூட்டனின் விதியைப் பாடமாக்கச் சொல்லி பிள்ளையை அடிக்காத குறையாக நெருக்கும் பெற்றோர், அந்த விதிக்கு முன்னால் பிள்ளையை இருத்தக் கூடாது.

"சண்டைக் காலத்தில மண்ணெண்ணெயில ஓடின ஒஸ்ரின் காரில பன்னிரண்டு பேர் போனனாங்கள், ஒண்டும் நடக்கேல்லை" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களை நான் மதிக்கிறேன். 1990 ஜூனில் மயிலிட்டி மக்கள் அள்ளியதோடு ஓடினார்கள். அதே வருடம் ஒக்டோபர் 30 யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது, எங்கள் உம்மா வாப்பாமாருக்கு அள்ளவும் விடவில்லை. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30, வலிகாமமே நாவற்குழிப் பாலத்தால் நகர்ந்தது. விட்டுவிட்டுப் போனது திரும்பக் கிடைக்காது என்ற பயம் எங்கள் எல்லாருடைய எலும்பிலும் இருக்கிறது. ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் ஏற்றும் பழக்கத்தில் அந்தப் பயத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆனால் அன்றைக்கு ஏற்றியது உயிருக்காக. வேறு வழி இருக்கவில்லை. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகப் பக்கம் விடுபட்டு மக்கள் திரும்பி வந்துவிட்டார்கள். காங்கேசன்துறைக்கு 2015இலிருந்து ரயில் ஓடுகிறது. நீங்கள் போகும் ஊரிலும் அரிசியும் தேங்காயும் கடையில் விற்கிறது. போர்க்காலத்தில் தப்பியது பொறுமைக்கும் துஆவுக்கும் கிடைத்த பலனாக இருக்கலாம். அதைக் காரின் பலம் என்று எண்ணி ஏமாறாதீர்கள்.

செலவு என்ற நியாயத்தை நான் தள்ளிவிடவில்லை. 2022இல் கியூஆர் காட்டி ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று வரிசையில் நின்றவர்கள் நாங்கள். 2020இல் இறக்குமதி நின்றபோது, சின்னக் காரின் விலையும் தலைக்கு மேல் போனது. இருக்கிற ஒரு வாகனத்தில் எல்லாத்தையும் முடிக்கப் பார்ப்பது இயல்பு. ஆனால் இரண்டு பேர் பஸ்ஸில் போகும் காசையும், மூட்டையைப் பார்சலில் போடும் காசையும், ஒரு ரயர் வெடித்தால் வரும் செலவோடு வைத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரிக் கணக்கை நான் சேர்க்கவே இல்லை.

மிருகத்தின் மேல் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுவதைத் தடுத்த மார்க்கம் எங்களுடையது. ஒட்டகமாவது படுத்துக்கொண்டு எழும்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கும். கார் வாய் திறக்காது, கடைசி நிமிடம் வரை ஓடும்.

ஆகவே வெளிக்கிட முதல் நாள் இதைச் செய்யுங்கள். உங்கள் காரின் கையேட்டில் வெறும் எடையையும் முழுச்சுமை எடையையும் பார்த்துக் கழியுங்கள். இந்திய ஆல்ட்டோவுக்கு ஒரு விடை, ஜப்பான் வாகன் ஆருக்கு வேறு விடை வரும். வீட்டு ஆட்களின் நிறையைக் கூட்டி அதிலிருந்து கழியுங்கள். மிஞ்சுவதுதான் சாமானுக்கு. ஒன்றும் மிஞ்சாவிட்டால் ஆளைக் குறையுங்கள், இல்லாவிட்டால் சாமானைக் குறையுங்கள். பாரமானதைக் கீழே, பின் ஆசனத்தின் முதுகோடு ஒட்டி வைத்துக் கட்டுங்கள். கூரைக் கரியரில் பாரமானது எதுவும் வேண்டாம். வளைவில் கார் சரிவது அதால்தான். கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்த்துக் காற்றடியுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு ஆசனம், ஒரு பெல்ற்.

கூட்டலும் கழித்தலும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். இந்த முறை அந்தக் கணக்கைப் பிள்ளையிடமே கொடுத்துச் செய்விக்கப் பாருங்கள். விடை கூட வந்தால், எந்தப் பையை இறக்குவது என்றும் பிள்ளையே சொல்லும்.