எழுத்தில் இல்லாத உத்தரவு

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நம் வயதுக்காரர்கள் எவருக்கும் 'ரிபூ' என்ற சொல்லை வாத்தியார் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார். அழுகிப்போனதைப் பிரெஞ்சில் 'பூரி' என்பார்கள். உருளைக்கிழங்கோடு சாப்பிடும் பூரி அல்ல! பாரிஸ் தெருப் பையன்கள் சொற்களை முன்பின்னாகத் திருப்பிப் பேசுவது வழக்கம். அப்படித் திருப்பியதில் பூரி, ரிபூ ஆயிற்று. மாமூல் வாங்கும் போலீஸ்காரருக்கு அதுவே பெயர். 1984இல் குளோது ஸிதி 'லே ரிபூ' என்று ஒரு படம் எடுத்தார். அதன் பிறகு அந்தச் சொல் அகராதிக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்பீர்கள். ஃபிலிப் நுவாரே வயதான போலீஸ்காரர். கடைக்காரர்களிடம் கறி, சாப்பாடு, பணம் என்று எதையும் விடமாட்டார். அவருக்கு ஜோடியாக தியெரி லெர்மித், சட்டப் புத்தகத்தை மனப்பாடம் செய்த இளைஞர். கொமிஸ்ஸேர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பவர். பெரியவர் அந்தப் பிள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தம் வழிக்கு இழுப்பதுதான் கதை. பிரான்சே வயிறு குலுங்கச் சிரித்தது. 1985இல் சிறந்த படம், சிறந்த இயக்கம் என்று செஸார் விருதுகளும் கொடுத்தார்கள்.

அதற்கு 37 வருஷம் கழித்து, 2021இல், செத்ரிக் ழிமெனெஸ் எடுத்த 'பாக் நோர்' வந்தது. இதிலும் போலீஸ் கூட்டாளிகள்தான், மூன்று பேர். ஆனால் சிரிப்புக்கு இடமில்லை. ஊர் மர்செய். நம்மூரிலிருந்து கப்பலேறிப் போன அந்தக் காலத்து ஆட்களுக்குப் பிரான்சின் வாசலே அந்தத் துறைமுகம்தான். அந்த ஊரின் வடக்குப் பக்கத்துக் குடியிருப்புகளில் கஞ்சா விற்கும் கும்பல்களின் ராஜ்ஜியம். 'ஷூஃப்' என்று அரபியில் சொன்னால் 'பார்' என்று அர்த்தம். போலீஸ் வருகிறதா என்று வாசலில் நின்று பார்க்கும் பையனுக்கும் அங்கே அதுதான் பெயர்.

படத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேலிடத்திற்கு ஒரு பெரிய வேட்டை வேண்டும். துப்புக் கொடுக்க ஒரு பெண் இருக்கிறாள். அவள் கூலியாகக் கேட்பது பணமல்ல, கஞ்சா. மூவரும், வாங்கிக்கொண்டு வெளியே வருகிற ஆட்களிடமிருந்து பிடுங்கிப் பிடுங்கிச் சேர்க்கிறார்கள். மேலதிகாரிக்கு விஷயம் தெரியும். எழுத்தில் மட்டும் எதுவும் இல்லை. வேட்டை நடக்கிறது, மேலிடத்திற்குப் பாராட்டு. பின்னால் விசாரணை வருகிறபோது சிறைக்குப் போவது மூவரும். சொன்னவர் சொல்லவில்லை என்றாகிவிடுகிறது.

கதைக்குப் பின்னால் உண்மை நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2012 அக்டோபரில் மர்செய் வடக்குப் பிரிவுப் போலீஸார் பலர் கைதானார்கள். அவர்களுடைய அலுவலகத்தின் பொய்க்கூரைக்குள் போதைப்பொருளும் பணமும் அகப்பட்டன. உள்துறை மந்திரி மானுவேல் வால்ஸ் அந்தப் பிரிவையே கலைத்தார். வழக்கு முடிந்தது 2021இல். நின்றவர்கள் 18 பேர். 7 பேர் விடுதலை. 11 பேருக்குத் தண்டனை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. ஒன்பது வருஷம் இழுத்த வழக்கு!

இந்தப் படத்தைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. 'வேலை செய்தவனைப் பலி கொடுத்துவிட்டார்கள், பாவம்' என்பது ஒரு கட்சி. 'திருடனைக் கதாநாயகன் ஆக்குகிறார்கள்' என்பது மறு கட்சி. இரண்டு கட்சியும் ஒன்றைக் கேட்பதில்லை. பிடுங்கிய சரக்குக்கு ரசீது எங்கே?

வாழ்நாளெல்லாம் கோப்பு கட்டியவன் புத்தி இப்படித்தான் போகும் என்பீர்கள். போகட்டும். மூன்று பேர் பிடுங்குகிறார்கள். ஒருவர் எடுத்தது துப்புக் கொடுத்தவளுக்குப் போயிற்று, ஒருவர் எடுத்ததில் பாதி சட்டைப் பைக்குப் போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எதுவும் எழுதவில்லை என்றால் இருவரையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? காகிதம் இல்லாத இடத்தில் நல்லவனுக்கும் திருடனுக்கும் ஒரே முகம். நல்லவன் திருடனுக்கு நிழல் கொடுக்கிறான், திருடன் நல்லவனுக்குக் கறை பூசுகிறான்.

போலீஸில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். நான் வேலை பார்த்த காலத்தில் ஓர் அலுவலகத்தில் கிடங்குப் பொறுப்பாளர் ஒருவர் இருந்தார். புயல் நேரம். 'முதலில் அரிசியைக் கொடுங்க, காகிதமெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்' என்றார் அதிகாரி. மூட்டைகள் போயின, ஜனங்கள் சாப்பிட்டார்கள். அந்த அவசரத்தில் சில மூட்டைகள் வேறு வீடுகளுக்கும் போயின என்று பேச்சு. தணிக்கை வந்தபோது அதிகாரி மாற்றலாகி வேறிடத்தில் இருந்தார். 'அப்படிச் சொன்னதாக நினைவில்லையே' என்று ஒரு வரி எழுதி அனுப்பினார். பொறுப்பாளருக்கு ஓய்வூதியப் பலன்கள் வருஷக்கணக்கில் நின்றுபோயின. அவர் மனைவி மாதம் ஒருமுறை மனுவோடு வந்து எங்கள் மேஜை முன் நிற்பார். அந்த மனிதர் ஒரு மணி அரிசிகூட எடுத்தவரில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்? கோப்புக்குத் தெரியாதே.

இதற்கு மருந்து நம் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. 1964ஆம் வருஷத்து மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 3ஆவது விதி. மேலதிகாரியின் உத்தரவு சாதாரணமாக எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால், கீழே இருப்பவர் கூடிய சீக்கிரம் எழுத்தில் உறுதி கேட்க வேண்டும். கேட்டால் எழுதிக் கொடுப்பது மேலதிகாரியின் கடமை. எத்தனை பேர் கேட்டோம்? கேட்டவனுக்கு 'தகராறு பிடித்தவன்' என்ற பட்டம்தான் மிச்சம்.

'புயலிலும் துப்பாக்கிச் சண்டையிலும் காகிதம் தேடிக்கொண்டிருந்தால் காரியம் ஆகுமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். முதலில் செய்யுங்கள், அன்று இரவே இரண்டு வரி எழுதிவிடுங்கள் என்பதுதான் என் கட்சி. விதியும் அதைத்தான் சொல்கிறது. பிரான்சிலும் துப்புக் கொடுப்பவருக்கு முறைப்படி பணம் கொடுக்க 2004இலேயே சட்டம் வந்துவிட்டது. அந்த வழி மெதுவான வழியாக இருக்கலாம், கேட்கிறவளுக்குப் பிடிக்காத வழியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த வழியில் போனவன் பெயர் ஏட்டில் இருக்கும்.

குறுக்கு வழியால் கும்பல் ஒழிந்ததா என்றால் அதுவும் இல்லை. 2023இல் மட்டும் மர்செய்யில் போதைக் கும்பல் சண்டைகளில் 49 பேர் செத்தார்கள். அந்தக் குடியிருப்புகளில் பிள்ளை குட்டிகளோடு இருக்கும் சாதாரண ஜனங்களை நினைத்துப் பாருங்கள். கும்பலைப் பற்றிப் புகார் சொல்ல வேண்டும் என்றால் போலீஸை நம்ப வேண்டும். இவரும் அதே சரக்கைக் கையில் வைத்திருக்கிறார் என்று தெரிந்தால் எந்தத் தாய் வாயைத் திறப்பாள்?

இரண்டு படங்களும் நன்றாக எடுத்த படங்கள். பாருங்கள், ரசியுங்கள். 'லே ரிபூ'வில் பெரியவர் பிள்ளையைக் கெடுப்பது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் சிரித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். 'பாக் நோர்' காட்டும் கேடு பணத்தாசையிலிருந்து தொடங்கவில்லை. 'நீங்க செய்யுங்க, நான் பார்த்துக்கறேன்' என்ற ஒரு வாக்கியத்திலிருந்து தொடங்குகிறது. நாம் எல்லோரும் ஏதாவது ஒரு மேஜையில் உட்கார்ந்து கேட்ட வாக்கியம்தான்.

நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அரசாங்க வேலையில் இருக்கிறார்கள், சிலர் சீருடையும் போட்டிருக்கிறார்கள். லஞ்சம் வாங்காதே என்று அவர்களுக்குச் சொல்லித்தான் அனுப்பியிருப்போம். அது போதாது. அந்த வாக்கியத்தை யாராவது சொன்னால், 'சரிங்க ஐயா, ஒரு வரி எழுதிக் கொடுங்க' என்று பணிவாகக் கேட்கவும் சொல்லிக் கொடுங்கள்.